கட்டுதலும் இட்டுக்கட்டுதலும்

இந்தியாவின் எந்தத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தாலும் 'ஃபேப்ரிகேஷன்' என்ற சொல்லைத் தாங்கிய பெயர்ப்பலகை ஒன்றேனும் கண்ணில் படும். இரும்புக் கதவு, சன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, கூரைச் சட்டகம் ஆகியவற்றை அளவெடுத்து, வெட்டி, பற்றவைத்துத் தரும் பட்டறைகள் அவை. ஐஐடி பம்பாயில் நானோஃபேப்ரிகேஷன் ஆய்வுக்கூடம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தேசிய நானோஃபேப்ரிகேஷன் மையம் உண்டு. அங்கெல்லாம் அச்சொல் நுண்ணிய பொருள்களைப் பிழையின்றி உருவாக்கும் திறமைக்குப் பெயர். அதே சொல், ஓர் ஆய்விதழ் தான் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அறிவிப்பில் வந்தால், ஒருவருடைய ஆய்வு வாழ்வு முடிந்தது என்று பொருள். நீதிமன்றத் தீர்ப்பில் வந்தால் சிறைத்தண்டனை வரை செல்லும்.

'ஃபேப்ரிகேட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் இந்த இரட்டைப் பொருள் ஆய்வு மாணவர்களிடையே ஒரு நகைச்சுவையாகவும் சிறு அச்சமாகவும் உலவுகிறது. உணரியொன்றைத் தானே உருவாக்கிய இயற்பியல் மாணவர், தம் ஆய்வேட்டின் செய்முறை இயலில் அந்த வினையை எழுதத் தயங்குகிறார். அதை அடித்துவிட்டு 'தயாரிக்கப்பட்டது' என்றோ 'உருவாக்கப்பட்டது' என்றோ பொருள் தரும் வேறு சொல்லை இடும்படி அறிவுரை கிடைக்கிறது. சொல்லை மாற்றியதும் ஐயம் தீர்ந்துவிட்டதாக எல்லோரும் எண்ணிக்கொள்கின்றனர். இந்த அறிவுரை தவறான இடத்தில் எச்சரிக்கையாக இருக்கிறது. குற்றம் அந்த வினையில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதை அந்த வினையின் வரலாறே தெளிவாகக் காட்டுகிறது.

இலத்தீனில் 'ஃபேபர்' என்பது கொல்லரையும் கைவினைஞரையும் குறித்த சொல். அவர் தொழில் செய்யும் பட்டறை 'ஃபேப்ரிகா'. பட்டறையில் செய்வது என்ற பொருளோடு இந்த வினை 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் நுழைந்தது. பொய்யாகப் புனைவது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் அதனுடன் ஒட்டிக்கொண்டது. செருமானியத்தில் 'ஃபாப்ரிக்' இன்றும் தொழிற்சாலையே. அதே 'ஃபேப்ரிகா' பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி ஆங்கிலத்தில் 'ஃபோர்ஜ்' ஆயிற்று. கொல்லரின் உலைக்களத்தைக் குறித்த அச்சொல்லும் காலப்போக்கில் போலிக் கையெழுத்தையும் போலி ஆவணத்தையும் குறிக்கத் தொடங்கியது. ஒரே வேர் இருவேறு வழிகளில் வந்து இரண்டு முறையும் அதே பொருள்மாற்றத்துக்கு உள்ளானது. புனைகதையைக் குறிக்கும் 'ஃபிக்‌ஷன்' என்ற சொல்லின் வேரும் களிமண்ணைப் பிசைந்து உருவம் தருதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையே.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை என்று நினைத்தால் அதுவும் பிழை. இந்திய மொழிகள் பலவற்றில் கைத்தொழில் வினைகள் இதே பாதையில் நடந்துள்ளன. இந்தியில் பொற்கொல்லர் நகையை உருவாக்குவதற்குரிய 'கட்னா' என்ற வினையிலிருந்தே 'மன்கடந்த்', அதாவது மனத்தால் அடித்துச் செய்யப்பட்டது, கட்டுக்கதை, என்ற சொல் பிறந்தது. 'பனானா' என்றால் செய்தல்; 'பனாவட்டி' என்றால் போலியானது. கன்னடத்தில் 'கட்டுகதெ', தெலுங்கில் 'கட்டுகத'. மலையாளத்தில் 'கெட்டிச்சமய்க்குக' என்பது கட்டுதலையும் சமைத்தலையும் சேர்த்து, பொய்யாக உருவாக்குவதைச் சொல்கிறது.

தமிழோ இதில் எந்த மொழிக்கும் இளைத்ததன்று. வீடு கட்டலாம், மாலை கட்டலாம், பாட்டுக் கட்டலாம், கதையும் கட்டலாம். தேரை ஜோடிப்பவரும் உண்டு, வழக்கை ஜோடிப்பவரும் உண்டு. கயிறு திரிப்பது உழைப்பாளியின் தொழில். 'கயிறு திரிக்கிறான்' என்றால் பொய் சொல்கிறான். சரடு நூற்பதற்கும் 'சரடு விடுவதற்கும்' இடையே உள்ள தொலைவும் அவ்வளவே. மாலை தொடுப்பதையும் அணிசெய்வதையும் குறித்த பழந்தமிழ்ப் 'புனை' இன்று புனைகதைக்கும் புனைபெயருக்கும் புனைசுருட்டுக்கும் ஒருசேர அடியாக நிற்கிறது. கல்வியாளர்களின் அன்றாடப் பிழைப்பான 'கட்டுரை' என்ற சொல்லும் அதே கட்டு என்னும் வினையைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறது.

தொடர்பற்ற குடும்பங்களைச் சேர்ந்த மொழிகளில் ஒரே பொருள்மாற்றம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. எளிதாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: மனிதர் இயற்கையாகக் கிடைப்பதை நம்புகின்றனர், மனிதக் கை பட்டதை ஐயுறுகின்றனர், ஆகவே செய்தலைக் குறிக்கும் சொல் பொய்யையும் குறிக்கத் தொடங்குகிறது என்பதே அது. இந்த விளக்கம் போதாது. மனிதக் கை பட்டதனாலேயே ஒருவரும் நாற்காலியைப் பொய் என்பதில்லை. கவிதையைச் 'செய்யுள்' என்று, செய்யப்பட்டது என்றே, தமிழ் மரபு பெருமையாக அழைத்தது. அகப்பொருள் ஒழுக்கம் உலகில் உள்ளபடி கண்டெடுக்கப்பட்டதன்று, புலவர் படைத்து நிறுத்தியது என்று இறையனார் களவியல் உரை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது. அப்படி ஒப்புக்கொண்டதால் அகக்கவிதை பொய்யாகிவிடவில்லை. செய்தலுக்கும் பொய்த்தலுக்கும் நடுவே வேறு ஒரு செயல் மறைந்திருக்கிறது.

அந்தச் செயலை மிகத் துல்லியமாக வரையறுத்தது அகராதி அன்று, சட்டம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 191ஆம் பிரிவு பொய்ச்சாட்சி சொல்வதைப் பற்றியது. அடுத்த 192ஆம் பிரிவு பொய்ச்சான்றை உருவாக்குவதைப் பற்றியது. அங்கே பயன்படும் வினை 'ஃபேப்ரிகேட்' தான். ஆனால் சட்டம் இயற்றியோர் அந்த வினையை மட்டும் நம்பவில்லை. 'பொய்ச்சான்று' என்று செயப்படுபொருளையும் சேர்த்தே எழுதினர். வினையில் பொய் ஏற்கெனவே அடங்கியிருந்தால் 'பொய்' என்ற அடைக்குத் தேவையில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 228ஆம் பிரிவும் அதே அமைப்பையே தொடர்கிறது.

அப்பிரிவுக்குத் தரப்பட்ட முதல் எடுத்துக்காட்டு ஒவ்வோர் ஆய்வாளரும் அறிந்திருக்க வேண்டியது. ஒருவர் இன்னொருவருடைய பெட்டிக்குள் நகைகளை வைக்கிறார். அவை அங்கே கண்டெடுக்கப்பட வேண்டும், பெட்டிக்கு உரியவர் திருடராகத் தண்டிக்கப்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். இது பொய்ச்சான்றை உருவாக்கிய குற்றம் என்கிறது சட்டம். இதில் எந்தப் பொருளும் போலியானதன்று. நகை உண்மையான நகை. பெட்டி உண்மையான பெட்டி. நகை அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் கண்ணால் காணத்தக்க உண்மை. பொய்யாக இருப்பது ஒன்றே ஒன்று: அது தானாகவே அங்கே இருந்தது என்ற தோற்றம். வைத்த கை மறைக்கப்பட்டிருக்கிறது. செய்யப்பட்ட ஒன்றைக் கண்டெடுக்கப்பட்ட ஒன்றாகக் காட்டுவதே குற்றம். 'ஃபேப்ரிகேட்' என்ற வினையின் இரண்டு பொருள்களையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அறிவியல் வரலாற்றுக்குள் நுழைந்தால் இரண்டு நிகழ்வுகள் புதிய வெளிச்சம் பெறுகின்றன.

முதலாவது இந்திய நிகழ்வு. சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிலவியலாளர் விசுவஜித் குப்தா இமயமலைப் புதைபடிவங்களைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லுயிரியலாளர் ஜான் டேலண்ட் 1989 இல் 'நேச்சர்' இதழில் கடும் குற்றச்சாட்டை முன்வைத்தார். இமயமலையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட புதைபடிவங்கள் பல, மொராக்கோ, நியூயார்க் மாநிலம் போன்ற தொலைதூர இடங்களைச் சேர்ந்தவை என்பது அவருடைய வாதம். அந்தப் படிவங்கள் களிமண்ணால் செய்த போலிகள் அல்ல. பல கோடி ஆண்டுகளுக்கு முன் உண்மையாகவே வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள். ஆனால் அவை சொல்லப்பட்ட இடத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. சட்ட எடுத்துக்காட்டில் வரும் நகையும் பெட்டியும் இங்கே படிவமும் மலையும் ஆகின்றன. பிறர் பெட்டியில் வைத்த நகையால் ஒருவர் சிறை செல்கிறார். தவறான மலையில் வைத்த படிவத்தால் ஒரு மலைத்தொடரின் நிலவியல் வரலாறே திரிகிறது. அக்கட்டுரைகளை நம்பி எழுதியவர்களின் உழைப்பும் சேர்ந்தே வீணாகிறது.

இரண்டாவது நிகழ்வில் இந்த வினையின் இரு பொருள்களும் ஒரே ஆய்வகத்தில் மோதிக்கொண்டன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த செருமானிய இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷேன், கரிமப் படிகங்களைக் கொண்டு வியக்கத்தக்க மின்னணுச் சாதனங்களை உருவாக்கியதாகக் கட்டுரைக்குமேல் கட்டுரையாக எழுதினார். சாதனங்களை உருவாக்குவதைக் குறிக்க அத்துறையில் வழங்கும் இயல்பான வினை 'ஃபேப்ரிகேட்' தான். உலகின் வேறு எந்த ஆய்வகத்தாலும் அவற்றைத் திரும்பச் செய்ய முடியவில்லை. பின்னர், வெவ்வேறு சோதனைகளுக்குரியவை என்று தரப்பட்ட வரைபடங்களில் ஒரே மாதிரியான இரைச்சல் கோடுகள் இருப்பதைச் சக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். இரைச்சல் என்பது இயற்கையின் ஒழுங்கின்மை; அது இருமுறை ஒரேபோல் அமையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மால்கம் பீஸ்லி தலைமையிலான குழு 2002 செப்டம்பரில் அறிக்கை தந்தது. ஆராயப்பட்ட 24 குற்றச்சாட்டுகளில் 16 இல் முறைகேடு நடந்திருப்பதாக அது முடிவு செய்தது. மூலத்தரவைக் கேட்டபோது, கணினியில் இடமில்லாததால் கோப்புகள் அழிக்கப்பட்டதாக ஷேன் கூறினார். இயங்கும் சாதனங்களும் காட்டப்படவில்லை. 'சயின்ஸ்' இதழ் 8 கட்டுரைகளையும் 'நேச்சர்' இதழ் 7 கட்டுரைகளையும் திரும்பப் பெற்றன. 2004 இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு அளித்திருந்த முனைவர் பட்டத்தைப் பறித்தது.

அக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் 'ஃபேப்ரிகேட்' என்பதற்கு மாற்றாக எந்தப் பாதுகாப்பான வினையை இட்டிருந்தாலும் உண்மையில் ஓர் இம்மியும் மாறியிருக்காது. சாதனத்தைப் பற்றிய வாக்கியத்தில் அந்தச் சொல் நேர்மையான சொல். வரைபடத்தைப் பற்றிய வாக்கியத்தில் அது எழுதப்படவே இல்லை. அங்கேதான் அது நிகழ்ந்திருந்தது. பொய்யர் எவரும் தம் பொய்க்கு உரிய வினையைத் தாமே எழுதுவதில்லை. ஆகவே அந்த வினையை ஆய்வேட்டில் கண்டு அஞ்சுவது, திருடன் தன் பெயரைச் சுவரில் எழுதிவிட்டுப் போவான் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே 'தரவு' என்ற சொல்லும் சற்று நின்று கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தின் 'டேட்டா' இலத்தீனில் 'தரப்பட்டவை' என்று பொருள்படும். தமிழின் 'தரவு' என்பதும் தருதலிலிருந்து வந்ததே. இரண்டும் ஒரே உவமையில் நிற்கின்றன: தரவு என்பது உலகம் தருவது, ஆய்வாளர் பெறுவது. தரப்படுவதை ஒருவர் தானே செய்துகொண்டால் அது தரவாகாது. 'இட்டுக்கட்டிய தரவு' என்ற தொடர் இலக்கணப்படி சரியாக இருந்தாலும் பொருளளவில் தன்னைத்தானே மறுத்துக்கொள்வது. உணரியைச் செய்யலாம், கருவியைச் செய்யலாம், கோட்பாட்டைச் செய்யலாம். இவை எல்லாம் செய்யப்பட வேண்டியவையே. தரவு மட்டும் பெறப்பட வேண்டியது. வினை ஒன்றுதான்; அது ஏற்கும் செயப்படுபொருளே அதை அறமாகவோ அறப்பிழையாகவோ ஆக்குகிறது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. தரவும் செய்யப்படுவதுதான் என்பதே அது. உலகம் எதையும் அட்டவணையாகத் தருவதில்லை. எதை அளப்பது, எந்தக் கருவியால் அளப்பது, எதை விடுவது என்று ஆய்வாளர் முடிவெடுத்த பிறகே தரவு பிறக்கிறது. உண்மையைக் குறிக்கும் 'ஃபேக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இலத்தீனில் செய்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததே. புரூனோ லதூரும் ஸ்டீவ் வுல்காரும் 1979 இல் வெளியிட்ட 'லேபரட்டரி லைஃப்' என்ற நூல், அறிவியல் உண்மைகள் ஆய்வகத்தில் எவ்வாறு கட்டப்படுகின்றன என்பதைப் படிப்படியாக விவரித்தது. மானுடவியல், வரலாறு, சமூகவியல் மாணவர்களுக்கு இது அடிப்படைப் பாடம்.

இந்த எதிர்வாதம் சரியானதே. ஆனால் அது மேலே சொன்ன கோட்டை அழிக்கவில்லை, இன்னும் ஆழமாகக் கீறுகிறது. எல்லாத் தரவும் கட்டப்பட்டதே என்றால், எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லும் கடமை இன்னும் கூடுகிறது. செய்முறை இயல் என்பது அந்த ஒப்புதல் வாக்குமூலமே. வந்த வழியே இன்னொருவர் திரும்பிச் செல்லக்கூடிய தடம் இருந்தால் அது கட்டுமானம். தடம் அழிக்கப்பட்டிருந்தால் அது இட்டுக்கட்டு.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதால் சமூக அறிவியலில் விளைந்த குழப்பம் பெரிது. சாதி, பாலினம், தேசம் ஆகியவை சமூகத்தால் கட்டமைக்கப்பட்டவை என்று வகுப்பில் சொன்னால், அவை பொய் என்றும், சொன்னமாத்திரத்தில் கலைந்துவிடும் என்றும் மாணவர்கள் விளங்கிக்கொள்கின்றனர். 1983 இல் வெளிவந்த 'இமேஜின்ட் கம்யூனிட்டீஸ்' நூலில் பெனடிக்ட் ஆண்டர்சன் இக்குழப்பத்தையே எர்னஸ்ட் கெல்னரிடம் சுட்டிக்காட்டினார். தேசியம் தேசங்களைப் புதிதாக உருவாக்குகிறது என்ற கெல்னரின் கருத்தை ஆண்டர்சன் மறுக்கவில்லை. உருவாக்கத்தைக் கற்பனையோடும் படைப்போடும் சேர்க்காமல், பொய்மையோடும் 'ஃபேப்ரிகேஷன்' என்ற சொல்லின் இழிபொருளோடும் கெல்னர் சேர்த்துவிட்டார் என்பதே அவருடைய குறை. தேசம் கட்டப்பட்டதுதான், வீடும் கட்டப்பட்டதுதான். கட்டப்பட்ட வீட்டின் சுவரில் முட்டிக்கொண்டால் தலை உடைவது உறுதி. சாதி கட்டப்பட்டது என்று அறிந்தவருக்கும் அதன் சுவர் சுவரே. கட்டப்பட்டது என்பதன் உண்மையான பயன் வேறு: கட்டியதை இடித்துக் கட்டவும் முடியும் என்ற அறிவே அது.

பிற துறைகளைப் பற்றிப் பேசும் மொழியியல், தன் முற்றத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாக்கியங்களைத் தாமே கட்டி அவற்றையே சான்றாகப் பயன்படுத்தும் துறை இதுபோல் வேறொன்று அரிது. 1957 இல் வெளிவந்த 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' நூலில் சோம்ஸ்கி பயன்படுத்திய புகழ்பெற்ற பொருளற்ற வாக்கியம் அவரே கட்டியது. இலக்கணப் பிழையான வாக்கியத்துக்கு முன் உடுக்குறி இடும் வழக்கமும், யாரும் பேசாத வாக்கியங்களைக் கட்டிச் சோதிக்கும் முறையின் அடையாளமே. 'கண்ணன் நேற்று வருவான்' என்று ஒருவர் எழுதி, உடுக்குறி இட்டு, இது தமிழில் ஏன் அமையாது என்று விளக்கினால் அதில் முறைகேடு எதுவும் இல்லை. அது ஆய்வாளர் கட்டியது என்பது குறியிலேயே தெரிகிறது.

ஆனால் களத்தில் நிலைமை நுட்பமானது. எழுத்து வழக்கில்லாத ஒரு மொழியைப் பேசுபவரிடம் சென்ற ஆய்வாளர், தாம் கட்டிய வாக்கியத்தைச் சொல்லி, இப்படிச் சொல்வீர்களா என்று கேட்கிறார். அவரும் விருந்தினரின் மனம் நோகாமல் இருக்கத் தலையசைக்கிறார். ஆய்வேட்டில் அது 'பேசுநர் கூறிய வாக்கியம்' என்று பதிவாகிறது. தரவை இட்டுக்கட்டினார் என்று அந்த ஆய்வாளரைக் குற்றம் சாட்டினால் அவர் திகைத்துப்போவார். ஆனால் நகை பெட்டிக்குள் சென்றுவிட்டது. ஆய்வாளரின் வாயில் பிறந்த வாக்கியம், அம்மொழியின் வாயில் கண்டெடுக்கப்பட்டதாகக் காட்டப்படுகிறது. இது இயல்பான பேச்சிலிருந்து எடுத்தது, இது கேட்டுப் பெற்றது, இது ஆய்வாளர் கட்டிப் பேசுநர் ஏற்றது, இது ஆய்வாளர் கட்டியது மட்டுமே என்று நான்கு வகைகளையும் நான்கு குறிகளால் பிரித்துக் காட்ட, ஓர் ஆய்வேட்டில் அரைப்பக்கம்கூடச் செலவாகாது.

அந்த அரைப்பக்கத்தின் விலையை இந்தியாவிலேயே உணரலாம். 2010 சனவரியில் அந்தமானில் போவா என்னும் மூதாட்டி இறந்தபோது, போ மொழியைப் பேசத் தெரிந்தவர் எவரும் எஞ்சவில்லை. ஒரு மொழி அப்படி அணைந்த பிறகு, அதைப் பற்றிய குறிப்பேடுகளே அம்மொழி ஆகின்றன. ஒரு வாக்கியம் பேசப்பட்டதா கட்டப்பட்டதா என்று சென்று கேட்க ஆளில்லை. தமிழ் எடுத்துக்காட்டில் ஒருவர் பிழைசெய்தால் கோடிக்கணக்கானோர் திருத்துவர். பேசுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராக உள்ள மொழியில், குறி இடாமல் விட்ட ஒரு வாக்கியம் என்றென்றைக்கும் அம்மொழியின் இலக்கணமாகிவிடலாம்.

இவ்வளவு பெரிய விளைவு உள்ள செயலை இந்தியக் கல்வி அமைப்பு எவ்வாறு காவல் காக்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் கல்வி நேர்மை பற்றிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அதன் அளவுகோல் ஒப்புமை விழுக்காடு. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60க்கு மேல் எனப் படிநிலைகள். பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க இது தேவையே. ஆனால் நடைமுறையில் நேர்மை என்பதே ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. நூலகத்தில் மென்பொருள் தந்த சான்றிதழில் ஒற்றை இலக்கம் இருந்தால் ஆய்வேடு தூயது என்று பொருள்கொள்ளப்படுகிறது. இட்டுக்கட்டிய தரவோ எவருடைய எழுத்தையும் ஒத்திருக்காது. ஒப்புமை மென்பொருளின் கண்ணில் அதைவிட 'அசலான' ஒன்று உலகில் இல்லை.

அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த ஆய்வு முறைகேட்டுக் கொள்கை இதைவிடத் தெளிவானது. இட்டுக்கட்டல், திரித்தல், திருடுதல் என்று மூன்றையும் அது தனித்தனியே பெயரிட்டது. இட்டுக்கட்டலை வரையறுக்கும்போது, தரவைப் புனைவதோடு நிறுத்தாமல், அதைப் பதிவுசெய்வதையோ அறிவிப்பதையோ வரையறைக்குள்ளேயே சேர்த்தது. ஒரு மாணவர் வகுப்புப் பயிற்சிக்காகக் கற்பனை எண்களைக் கொண்டு புள்ளியியல் பழகினால் அது புனைதல் மட்டுமே. அதே எண்களை நோயாளிகளிடம் பெற்றதாக எழுதும் நொடியில் அது முறைகேடாகிறது. பெட்டிக்குள் நகையை வைக்கும் நொடி அது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்தக் கேள்வியை ஒவ்வொரு மாணவரின் மேசைக்கும் கொண்டுவந்துவிட்டன. இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் அனைத்தையும் அழகாகக் கட்டித்தர அவற்றால் முடியும். 2023 இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், அத்தகைய கருவி கட்டித்தந்த இல்லாத வழக்குகளை முன்தீர்ப்புகளாகக் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இயந்திரம் சொற்களைக் கட்டுகிறது. அதற்கு வேறு வேலை தெரியாது. கட்டியதைக் கண்டெடுத்ததாக நீதிமன்றத்தின் முன் வைத்தவர் மனிதர். இயந்திரத்தின் பிழையை 'மாயத்தோற்றம்' என்று பெயரிட்டு அழைக்கும் வழக்கம், வைத்த கையைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஆகவே அந்த ஆங்கில வினையை ஆய்வேடுகளிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. அதற்குச் செயப்படுபொருளைத் தெளிவாகக் கொடுத்தால் போதும். எதை உருவாக்கினேன், எதைப் பெற்றேன் என்று ஆய்வாளர் பிரித்து எழுதும் வாக்கியத்தில் அந்த வினை எவரையும் ஏமாற்றாது. தமிழில் எழுதுவோர்க்குப் பணி இன்னும் எளிது. சாதனத்தைக் கட்டலாம், உருவாக்கலாம். தரவுக்கு நேரும் குற்றத்தை 'இட்டுக்கட்டுதல்' என்று சொல்லலாம். அந்தச் சிறு முன்னொட்டு ஆங்கிலத்தில் இல்லாத வசதி. இட்டு, பிறகு கட்டுவது: இல்லாததை முதலில் உள்ளே இட்டுவிட்டு, பிறகு மூட்டையைக் கட்டிக் கொடுப்பது. பேச்சுத் தமிழ் பட்டறையையும் பார்த்திருக்கிறது, பெட்டிக்குள் நகை வைப்பவரையும் பார்த்திருக்கிறது.

ஆய்வேட்டை மதிப்பிடும் பேராசிரியர் வாய்மொழித் தேர்வில் ஒப்புமை விழுக்காட்டைப் பார்த்த பிறகு, இன்னும் ஒரு கேள்வியைக் கேட்கலாம். இந்த எண், இந்தப் படம், இந்த வாக்கியம் உங்கள் கைக்கு எவ்வாறு வந்தது என்பதே அது. பட்டறைக்காரரிடம் கேட்டால் எந்த இரும்பை எங்கே வாங்கி, எங்கே வெட்டி, எங்கே பற்றவைத்தார் என்று தயங்காமல் சொல்வார். முனைவர் பட்டம் பெற வருபவரிடம் அதைவிடக் குறைவாக எதிர்பார்ப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.